தெருவில் தூவாதீர்கள், சம்பில் ஊற்றுங்கள்

வெள்ளம் வடிந்ததும் சென்னைத் தெருவோரங்களில் பிளீச்சிங் பவுடர் வெள்ளைக் கோடாக விழும். 2015 டிசம்பரில் அடையாறு கரை தாண்டியபோதும் சரி, 2023-ல் மிக்ஜாம் புயல் வந்தபோதும் சரி, இதே காட்சிதான். சேற்றில் தூவுவதால் பெரிய பலன் கிடையாது. சேற்றிலுள்ள கழிவே குளோரினைத் தின்று தீர்த்துவிடும், கிருமியைக் கொல்ல மிச்சம் இருக்காது. நெடி மட்டும் வரும். மருந்து அடிச்சாச்சு என்று சனமும் நிம்மதியாகிவிடும்.

அந்தப் பவுடர் போகவேண்டிய இடம் வீட்டு சம்பு, அதாவது தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி. சம்பு மூடி பெரும்பாலும் தரைமட்டத்தில்தான் இருக்கிறது. முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றால் சாக்கடையும் செப்டிக் டேங்கும் சம்பும் எல்லாம் ஒன்றுதான். கரண்ட் வந்ததும் பழக்கதோஷத்தில் மோட்டாரைப் போட்டுவிடுகிறோம். அந்த ஒரு சுவிட்சில் மேல்தொட்டி, குழாய் எல்லாமே கெட்டுப்போகும்.

முதலில் சம்புத் தண்ணீர் முழுவதையும் வெளியே இறைத்துவிடுங்கள். மூடியைத் திறந்துவைத்து நன்றாகக் காற்றுப் போனபிறகுதான் ஆள் இறங்கவேண்டும், அதுவும் மேலே ஒருவர் நிற்கும்போது மட்டும். வண்டலை வழித்தெடுத்து, சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். ஆசிட் வேண்டவே வேண்டாம். பிளீச்சிங்கோடு ஆசிட் சேர்ந்தால் கிளம்பும் குளோரின் வாயு மூடிய சம்புக்குள் ஆளையே கொன்றுவிடும்.

பிறகு நல்ல தண்ணீர் நிரப்புங்கள். 6,000 லிட்டருக்கு 1 கிலோ பவுடர் என்பது கணக்கு. இது 30 சதவீத குளோரின் உள்ள புதுப் பவுடருக்கு. கட்டிதட்டி, நெடியே இல்லாமல் இருந்தால் அது செத்த சரக்கு. அப்படியே கொட்டாமல் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். அதை மேல்தொட்டிக்கு ஏற்றி, ஒவ்வொரு குழாயிலும் நெடி வரும்வரை திறந்துவிட்டு மூடுங்கள். 12 மணி நேரம் அப்படியே இருக்கட்டும். இந்தத் தண்ணீரைக் குடிக்கவோ குளிக்கவோ கூடாது, முழுவதும் வெளியேற்றிவிட வேண்டும். அடுத்து நிரப்பும் தண்ணீருக்கு 1,000 லிட்டருக்கு 5 கிராம் போதும். கலங்கலாக இருந்தால் குளோரின் வேலை செய்யாது, தெளியவைத்த பிறகே போடுங்கள். அரை மணி கழித்து குளோரின் டெஸ்ட் கிட்டில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் காட்டவேண்டும். கிட்டிலுள்ள சொட்டை விட்டதும் மஞ்சள் நிறம் வராவிட்டால் இன்னும் கொஞ்சம் சேருங்கள். குடிக்கும் தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியே ஆகவேண்டும். தெருக் குழாய் லைனில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சுவதை விட்டுவிடுங்கள். உறிஞ்சும்போது பைப் ஜாயின்டில் சிறு கசிவு இருந்தாலும் பக்கத்துச் சாக்கடை உள்ளே ஏறிவிடும். நீங்கள் இழுப்பது பக்கத்து வீட்டுக் குழந்தையின் தம்ளருக்கும் போகிறது.

வாந்திபேதி சில நாளிலேயே தெரிந்துவிடும். டைபாய்டுக்கு ஒன்றிலிருந்து மூன்று வாரம், மஞ்சள் காமாலை (ஹெபடைடிஸ் ஏ) தலைகாட்ட 15 முதல் 50 நாள் ஆகும். அதற்குள் முகாம் கலைந்து, ஊர் வெள்ளத்தை மறந்திருக்கும். மாநகராட்சி வீட்டுக்கு ஒரு கிலோ புதுப் பவுடர் கொடுக்கட்டும். வெள்ளம் நின்ற தெருக்களில் கடைசி வீட்டுக் குழாய்வரை வாராவாரம் குளோரின் பார்க்கட்டும், குறைந்தது இரண்டு மாதத்துக்கு.