ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக்கா?

ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் கலக்கிறார்கள், தண்ணீரில் போட்டால் மிதக்கிறது, பொறுக்கி எறியுங்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மிதப்பது உண்மைதான், ஆனால் அது பிளாஸ்டிக் இல்லைங்க. அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்துப் பிசைந்து, இயந்திரத்தில் அரிசி வடிவில் பிழிந்து எடுக்கிற மணி அது (இடியாப்பம் பிழிகிற மாதிரின்னு வைத்துக்கொள்ளுங்கள்). 100 கிலோ சாதா அரிசிக்கு 1 கிலோ கலப்பார்கள். மாவில் செய்ததால் நிறம் கொஞ்சம் மாறும், சிலது மிதக்கும்.

ஃபோலிக் அமிலம் எதற்கு என்றால், குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழல் கரு தரித்து 28 நாளுக்குள் மூடிவிடும், அது சரியாக மூட இந்தச் சத்து வேண்டும், ஆனால் பல பெண்களுக்கு அப்போது கர்ப்பம் என்றே தெரியாது, மாத்திரை தொடங்குவதற்குள் அந்தக் கட்டம் தாண்டிவிடும், அதனால்தான் தினம் சாப்பிடுகிற சோற்றிலேயே சேர்க்கிறார்கள்.

சந்தேகமா? மூட்டையில், சத்து சேர்த்த அரிசி என்று காட்டும் 'பிளஸ் எஃப்' (+F) முத்திரை இருக்கிறதா பாருங்கள். அப்புறம், மிதக்கும் மணிகளைத் தனியாக வேகவைத்து நசுக்கி, காயத்துக்குப் போடும் அயோடின் ஒரு சொட்டு விடுங்கள். மாவுச்சத்து என்றால் கருநீலமாகும், பிளாஸ்டிக் அப்படி ஆகாது.