நாற்காலியில் போகிறவரும் பாதசாரிதான்

அந்தக் காணொளியை நேற்றிலிருந்து எனக்கு எத்தனையோ பேர் அனுப்பிவிட்டார்கள். குடும்பக் குழு, அலுவலகக் குழு, பள்ளித் தோழிகள் குழு, எல்லாவற்றிலும் அதுதான் ஓடுகிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே கூரையிட்ட நடைபாதை. மின்சாரச் சக்கர நாற்காலியில் வரும் பெரியவர். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே வரும் பெண். நாற்காலி அந்தப் பெண்ணை இடித்தது உண்மை. அந்தப் பெண்ணுக்குக் கணுக்காலில் நன்றாகவே வலித்திருக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கீழே வந்த கருத்துகளைப் படித்த பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை. வண்டியைப் பறிமுதல் செய்யுங்கள் என்கிறார் ஒருவர். வயதானால் வீட்டில் இருக்க வேண்டியதுதானே என்கிறார் இன்னொருவர். சிங்கப்பூரில் இனிப் பாதசாரிகளுக்குப் பாதுகாப்பே இல்லை என்கிறார் மூன்றாமவர். அதற்குத்தான் அதிக விருப்பக்குறிகள்.

சரி, பாதசாரிகளுக்குப் பாதுகாப்பு வேண்டும். எனக்கும் வேண்டும். ஆனால் அந்த நாற்காலியில் இருப்பவரும் பாதசாரிதான். இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது என்று தோன்றுகிறது. அவருக்குக் கால் செய்ய வேண்டிய வேலையைச் சக்கரம் செய்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். நடைபாதையில் அவர் விருந்தாளி இல்லை. நீங்கள் பெருந்தன்மையாக இடம் கொடுத்ததால் அவர் அங்கே வரவில்லை.

இது என் சொந்தக் கற்பனை இல்லை. 2025 ஜூலை 1 முதல், சைக்கிள் பாதைக்குப் பக்கத்தில் இருக்கும் பாதசாரிப் பாதைகளில் சைக்கிளும் மின்ஸ்கூட்டரும் போகக்கூடாது என்று விதி வந்தது நினைவிருக்கிறதா? அந்தப் பாதைகளில் யார் போகலாம்? நடப்பவர்கள் போகலாம், சக்கர நாற்காலியில் போகிறவர்களும் போகலாம். மின்சார நாற்காலியைச் சட்டம் வாகனங்களோடு சேர்த்து ஒதுக்கவில்லை, நடப்பவர்களோடு சேர்த்து வைத்திருக்கிறது. கருத்து எழுதிய எத்தனை பேருக்கு இது தெரியும்?

என் அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுத முடியாது. பலருக்குத் தெரியும், சர்க்கரை நோயால் அவருக்கு ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கப்பல் பட்டறையில் ஏணி ஏறி இறங்கியே வாழ்க்கையைக் கழித்த மனிதர். அறுவை சிகிச்சைக்குப் பிறகு ரொம்ப நாள் வீட்டை விட்டு வெளியே வரவே இல்லை. நாங்கள் தள்ளிக்கொண்டு போகிறோம் என்றால், "நீ வேலையைப் பாரும்மா, எனக்கு எங்கேயும் போகணும்னு இல்லை" என்பார். மின்சார நாற்காலி வந்த பிறகுதான் பழைய அப்பாவைப் பார்த்தோம். தானே கீழே போய், தானே கோப்பிக்கடையில் உட்கார்ந்து, தானே தமிழ் முரசு வாங்கிப் படித்துவிட்டு வருவார். மருந்து வாங்க பலதுறை மருந்தகத்துக்கும் தனியாகவே போவார்.

அந்த மனிதரை எங்கள் மின்தூக்கிக்கு முன்னால் ஒரு அம்மா, "அங்கிள், இது ரோடு இல்லை, மெதுவா ஓட்டுங்க" என்று சொன்னார். அப்பா அப்போது நின்றுகொண்டிருந்தார். மின்தூக்கிக்காகக் காத்துக்கொண்டு, அசையாமல் நின்றுகொண்டிருந்தார். அப்பா பதில் சொல்லவில்லை. நாற்காலியை இன்னும் கொஞ்சம் சுவரோரமாகத் தள்ளி வைத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற எனக்கு அந்த அம்மா பேசியதைவிட அப்பா ஒதுங்கியதுதான் தாங்க முடியவில்லை.

வேகம் வேகம் என்கிறீர்கள். இங்கே இந்த நாற்காலிகளுக்கு மணிக்கு 10 கிலோமீட்டர் உச்சவரம்பு இருந்தது. அதை 6 ஆகக் குறைக்க வேண்டும் என்று ஆலோசனைக் குழு சொன்னது, 2024இல் அரசாங்கம் ஒப்புக்கொண்டது. நல்லதுதான், நான் வரவேற்கிறேன். சாதாரணமாக நடக்கும் ஒருவர் மணிக்கு 5 கிலோமீட்டர் போவார். அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டால் 6 கிலோமீட்டரைத் தாண்டுவார். அப்பா அந்த 6 கிலோமீட்டரைக்கூடத் தொடுவதில்லை. அவருக்குப் பின்னால் வருகிறவர்கள் முணுமுணுத்துக்கொண்டே அவரைத் தாண்டிப் போகிறார்கள். முன்னால் வருகிறவர்கள் வேகம் என்கிறார்கள். இரண்டும் ஒரே மனிதரைப் பற்றித்தான்.

அப்புறம், அந்த நாற்காலி எப்படி ஓடுகிறது என்று யாராவது யோசித்திருக்கிறீர்களா? கைப்பிடியில் ஒரு சின்னக் குச்சி இருக்கும். தள்ளினால் போகும், விட்டால் நிற்கும். ஆனால் மோட்டார், பேட்டரி, மேலே உட்கார்ந்திருக்கும் ஆள் எல்லாம் சேர்ந்தால் 100 கிலோவைத் தாண்டிவிடும். அது ஒரு நொடியில் நின்றாலும் கொஞ்சம் தூரம் போய்த்தான் நிற்கும். நடக்கிற மனிதர் எதிரில் ஆள் வந்தால் தோளைத் திருப்பி, பக்கவாட்டில் ஒரு அடி எடுத்து வைத்துத் தப்பித்துக்கொள்வார். சக்கரம் பக்கவாட்டில் போகாது. முன்சக்கரம் சின்னது. நடைபாதை ஓரமாக ஒதுங்கினால் வடிகால் மூடியின் இடைவெளியில் மாட்டிக்கொள்ளும். பின்னால் வரலாம் என்றால் கண்ணாடி கிடையாது, வயதானவருக்குக் கழுத்தும் முழுசாகத் திரும்பாது. உட்கார்ந்திருப்பதால் பார்வை உங்கள் இடுப்பு உயரத்தில்தான் இருக்கும். தூணுக்குப் பின்னால், செடித் தொட்டிக்குப் பின்னால், வரிசையில் நிற்கும் கூட்டத்துக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

ஆகவே யார் ஒதுங்குவது எளிது? யாரால் முடியுமோ அவர்தானே ஒதுங்க வேண்டும்? அந்தப் பெண் கைப்பேசியிலிருந்து ஒரே ஒரு முறை தலையைத் தூக்கியிருந்தால் இந்தக் காணொளியே இல்லை. இதைச் சொன்னால் பாதிக்கப்பட்டவரையே குறை சொல்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டு சைக்கிள் ஓட்டக்கூடாது என்று 2020இலேயே இங்கே சட்டம் வந்துவிட்டது. கவனம் சிதறினால் இடிக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததால்தானே அந்தச் சட்டம்? நடப்பவரின் கவனம் மட்டும் எப்படிக் கணக்கில் வராமல் போகும்? பொறுப்பு இரண்டு பக்கமும் இருக்கிறது என்கிறேன். நீங்கள் ஒரு பக்கம் மட்டும்தான் பார்க்கிறீர்கள்.

அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். நன்றாக நடக்க முடிந்தவர்கள்கூட இந்த வண்டிகளை வாங்கி ஓட்டுகிறார்களே, அதற்கு என்ன சொல்கிறாய் என்பீர்கள். ஆமாம், ஓட்டுகிறார்கள். 2019 செப்டம்பரில் பிடோக்கில் மின்ஸ்கூட்டர் மோதி சைக்கிளில் போன 65 வயதுப் பெண்மணி இறந்துபோனது யாருக்கு மறக்கும்? அந்த ஆண்டு நவம்பர் 5 முதல் மின்ஸ்கூட்டர்கள் நடைபாதைக்கு வரக்கூடாது என்று ஆனது. அதற்குப் பிறகு, கால் நன்றாக இருக்கும் சிலர் முதியோருக்கான ஸ்கூட்டரை வாங்கி, அதில் சாப்பாடு விநியோகிக்கவும் ஊர் சுற்றவும் ஆரம்பித்தார்கள். அவர்கள் மீது எனக்கு உங்களைவிடக் கோபம் அதிகம். அவர்கள் செய்யும் தவறுக்கு முறைப்பு வாங்குவது என் அப்பா.

அதற்காகத்தான் மருத்துவச் சான்றிதழ் விதி. அதையாவது சரியாகப் படியுங்கள். சான்றிதழ் கேட்பது நான் சொன்ன அந்த முதியோர் ஸ்கூட்டருக்கு, மொபிலிட்டி ஸ்கூட்டர் என்பார்கள், அதாவது முன்னால் கைப்பிடி வைத்து ஸ்கூட்டர் மாதிரி ஓட்டுவதற்கு. அப்பா வைத்திருப்பது போன்ற மின்சார நாற்காலிக்கு இல்லை. பெரும்பாலானவர்களுக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. சக்கரமும் பேட்டரியும் இருந்தால் எல்லாம் ஒன்று. ஈரச்சந்தையில் ஒருவர் அப்பாவிடம், "உங்ககிட்ட சர்ட்டிபிகேட் இருக்கா அங்கிள்?" என்று கேட்டிருக்கிறார். கேட்டவர் அதிகாரி இல்லை, மீன் வாங்க வந்தவர். அப்பா என்ன செய்தார் தெரியுமா? கால்சட்டையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை, மீன்கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு மனிதர் மீன் வாங்கப் போன இடத்தில் தன் உடம்பைக் காட்டி நிரூபிக்க வேண்டியிருக்கிறது. கருத்து எழுதியவர்களே, உங்கள் அப்பா இப்படிச் செய்ய வேண்டி வந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

குழந்தைகளை இடித்துவிட்டால் என்ன செய்வது என்று ஒருவர் உள்பெட்டியில் கேட்டார். நியாயமான பயம், எனக்கும் குழந்தை இருக்கிறது. கீழ்த்தளத்தில் குழந்தைகள் விளையாடுவதைப் பார்த்தால் அப்பா முன்கூட்டியே நின்றுவிடுவார். எல்லாரும் அப்படி நிற்க வேண்டும். நிற்காதவருக்கு அபராதம் போடுங்கள்.

என்னை உண்மையிலேயே காயப்படுத்தியது இதெல்லாம் இல்லை. எதற்கு மின்சார நாற்காலி, பணிப்பெண் வைத்துத் தள்ளச் சொல்ல வேண்டியதுதானே என்று ஒரு படித்த மனிதர் எழுதியிருந்தார். அதற்கு என் தோழிகள் இரண்டு பேர் விருப்பக்குறி போட்டிருக்கிறார்கள். நான் பார்த்தேன்.

தள்ளச் சொல்லலாம். பணிப்பெண் வைக்க எல்லா வீட்டிலும் வசதி இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அப்பா கோப்பி குடிக்க நினைக்கும்போது போக முடியாது, தள்ளுகிறவருக்கு நேரம் கிடைக்கும்போதுதான் போக முடியும். நண்பரோடு இன்னும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருக்க முடியாது. யாருக்கும் தெரியாமல் ஒரு பூமாலை வாங்கிக்கொண்டு அம்மா படத்துக்குப் போட முடியாது. ஒருவர் தன் விருப்பப்படி வாசலைத் தாண்டுவது உங்களுக்கு ஆடம்பரமாகத் தெரிகிறது. உங்களுக்கு அது ஒருபோதும் பறிபோனதில்லை, அதனால்தான்.

இந்த ஊர் இதற்காக எவ்வளவு செய்திருக்கிறது என்று பாருங்கள். கட்டடங்களில் சாய்வுத்தளமும் அகலமான கதவும் வேண்டும் என்ற விதித்தொகுப்பு 1990இலேயே வந்துவிட்டது. 2020 முடிவதற்குள் எல்லாப் பொதுப் பேருந்துகளும் சக்கர நாற்காலி ஏறுகிற மாதிரி ஆகிவிட்டன. முதியவர் அட்டையைத் தட்டினால் பச்சை விளக்கு கூடுதல் நொடிகள் எரியும் வசதி 2009இல் தொடங்கியது. வசதி குறைந்தவர்களுக்கு உதவித் தொழில்நுட்ப நிதி மூலம் 90 விழுக்காடு வரைக்கும் மானியம் இருக்கிறது. இவ்வளவும் எதற்கு? இவர்கள் வெளியே வர வேண்டும் என்பதற்காக. சாய்வுத்தளத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டு, அதில் ஏறி வருகிறவரை ஏன் வந்தாய் என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

அந்தச் சாய்வுத்தளத்தில் சைக்கிளை நிறுத்துவது யார்? ரயில் நிலைய மின்தூக்கியில் முதலில் ஏறிக்கொள்வது யார்? எங்கள் வட்டார நிலையத்தில் மாலையில் வந்து பாருங்கள். பக்கத்திலேயே மின்படி இருக்கும். இரண்டு காலும் நன்றாக உள்ளவர்கள் மின்தூக்கியை நிறைத்துக்கொண்டு, உள்ளேயிருந்து அப்பாவைப் பார்த்து மெல்லச் சிரிப்பார்கள். கதவு மூடும். அடுத்ததும் அப்படியே. அதை யாரும் காணொளி எடுப்பதில்லை. எந்தக் குழுவிலும் அது ஓடுவதில்லை. நாற்காலிக்காரர் இடித்தால் மட்டும் ஊர் முழுக்கப் பேச்சு. நாற்காலிக்காரர் காத்துக்கொண்டே இருந்தால் யாருக்கும் அது செய்தியில்லை.

இன்சூரன்ஸ் வேண்டும், உரிமம் வேண்டும், எண் பலகை வேண்டும் என்கிறவர்களோடு நான் வாதாடப் போவதில்லை. அதெல்லாம் நாடாளுமன்றம் பேச வேண்டியது. எனக்குத் தெரிந்தது இதுதான்: நடைபாதையில் நடக்கிறவரும் உருண்டு போகிறவரும் பாதசாரிகள்தான், இருவருக்கும் பார்த்துப் போக வேண்டிய கடமை இருக்கிறது. என் அப்பா அந்தக் கடமையை உங்களில் பலரைவிட நன்றாகவே செய்கிறார். தூணைக் கண்டால் வேகத்தைக் குறைக்கிறார், முனையில் மணி அடிக்கிறார். மணி அடித்தால் அதற்கும் முறைக்கிறீர்கள். அடிக்காமல் வந்தால் சத்தமில்லாமல் வந்து பயமுறுத்துகிறார் என்கிறீர்கள். அவர் எப்படித்தான் வர வேண்டும் என்று சொல்லுங்கள்.

நேற்று என் பதிவுக்குக் கீழே ஒருவர் ரொம்பப் பணிவாக எழுதியிருந்தார். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க, அப்பாவைக் கூட்டம் இல்லாத நேரமாப் பார்த்து வெளியே போகச் சொல்லலாமே." தம்பி, நான் தப்பாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். கூட்டம் இல்லாத நேரத்தில் அவருடைய நண்பர்கள் யாரும் கோப்பிக்கடையில் இருக்க மாட்டார்கள். அவர்கள் எல்லாம் மாலை ஆறு மணிக்குத்தான் வருவார்கள். அப்பாவும் ஆறு மணிக்குத்தான் போவார்.