இரண்டு வீட்டுச் சோறும் தின்றவள் நான்

நவம்பர் பிறந்துவிட்டால் போதும், தெரிந்தவர்கள் எல்லாரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "இந்த வருஷம் நீ எந்தப் பக்கம்?" நானும் வருஷா வருஷம் பதில் சொல்கிறேன், யாருக்கும் அது போதவில்லை. போன வாரம் நல்ல நண்பர் ஒருவரே எல்லார் முன்னாலும் "உண்ட வீட்டுக்கு ரெண்டகம் நினைக்கிறவங்க எப்படி ரசிகரா இருக்க முடியும்?" என்று கேட்டுவிட்டார். சுருக்கென்று தைத்துவிட்டது. அங்கே பதில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

நான் எம்.எஸ். படித்தது கொலம்பஸில், ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில். பிஎச்.டி. முடித்தது ஆன் ஆர்பரில், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில். நடுவில் காரில் மூன்று மணி நேரத் தூரம். அமெரிக்காவில் கல்லூரி ஃபுட்பால் பார்க்கிற யாரிடமாவது இந்த இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறிவிடும். (ஃபுட்பால் என்றால் காலால் உதைக்கிற கால்பந்து இல்லை, ஹெல்மெட்டும் தோள் கவசமும் மாட்டிக்கொண்டு முட்டி மோதிப் பந்தை முன்னே கொண்டு போகிற ஆட்டம்.) 1897-ல் முதல் தடவை மோதினார்கள். 1918-லிருந்து வருஷம் தவறாமல் மோதுகிறார்கள், கொரோனா வந்த 2020-ல் மட்டும்தான் நடக்கவில்லை. நவம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை. அதற்குப் பெயரே "தி கேம்". எந்த கேம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். மிச்சிகன் ஸ்டேடியத்தில் 1,07,601 பேர் உட்காரலாம், ஒஹாயோ ஸ்டேடியத்தில் 1,02,780 பேர். மாணவர்கள் ஆடுகிற ஆட்டத்துக்கு இவ்வளவு கூட்டம். இதற்கெல்லாம் முன்னால், 1835-லேயே டொலீடோ ஊர் யாருக்கு என்று ஒஹாயோக்காரர்களும் மிச்சிகன்காரர்களும் படை திரட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அப்போதிருந்தே பகைதான்.

நான் 2014 ஆகஸ்டில் கொலம்பஸில் போய் இறங்கினேன். முதல் ஒரு மாதம் யாரோடும் பேச்சில்லை. வகுப்பு, லேப், அறை, தூக்கம். ஒரு சனிக்கிழமை காலை, ஒஹாயோ ஸ்டேட்டின் நிறமான சிவப்பில் டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு சிக்னலில் நிற்கிறேன், எதிர்ப்பக்கத்திலிருந்து வயதான ஒருவர் என்னைப் பார்த்து "ஓ-எச்!" என்று கத்தினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் நின்ற பெண், "ஐ-ஓ என்று திருப்பிக் கத்து" என்றாள். ஒஹாயோவின் நான்கு ஆங்கில எழுத்தை (O-H-I-O) ஆளுக்குப் பாதியாகக் கத்துகிறார்கள். கத்தினேன். அவர் கையைத் தூக்கிச் சிரித்துவிட்டுப் போய்விட்டார். நடந்தது அவ்வளவுதான். ஆனால் அந்த ஊரில் ஒருவர் என்னைத் தங்கள் ஆளாக நினைத்துக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதை எப்படி மறப்பேன்?

ஆட்டத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தது நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்கார அம்மா. அப்போதே எழுபது தாண்டியவர். டிவி முன்னால் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, நான்கு முயற்சியில் பத்து கெஜம் போக வேண்டும், போக முடியாது என்று தெரிந்தால் ஏன் நான்காவது முயற்சியில் பந்தை உதைத்து அனுப்பிவிடுகிறார்கள் என்பதையெல்லாம் பொறுமையாக விளக்குவார். மிச்சிகன் ஆட்டம் வருகிற வாரத்தில் அந்தப் பெயரை மட்டும் வாயில் எடுக்க மாட்டார், "வடக்கே இருக்கிற அந்த டீம்" தான். கேம்பஸிலும் அந்த வாரம் பெயர்ப்பலகைகளில் எம் எழுத்தைக் கண்டால் சிவப்பு டேப்பை ஒட்டிப் பெருக்கல் குறி போட்டுவிடுவார்கள்.

நவம்பர் 29, 2014. நான் பார்த்த முதல் "தி கேம்". ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதியில் எங்கள் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்) ஜே.டி. பாரெட் கணுக்கால் முறிந்து விழுந்துவிட்டார். ஸ்டேடியம் அப்படியே அடங்கிப்போனது டிவியிலேயே தெரிந்தது. அப்போது மிச்சிகனின் குவார்ட்டர்பேக் டெவின் கார்ட்னர் நேரே பாரெட் கிடந்த இடத்துக்கு வந்து, குனிந்து அவரிடம் ஏதோ பேசி ஆறுதல் சொன்னார். அவர் அணி பின்தங்கியிருந்தது. மிச்சிகனுக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டமும் அதுதான். வீட்டுக்கார அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் பையனை நல்லபடியாக வளர்த்திருக்கிறார்கள்" என்றார். நாங்கள்தான் 42-28 என்று ஜெயித்தோம். அப்புறம் மூன்றாவது குவார்ட்டர்பேக்காக இருந்த கார்டேல் ஜோன்ஸை வைத்துக்கொண்டே போய், ஜனவரியில் ஓரிகன் பல்கலைக்கழக அணியை 42-20 என்று அடித்துத் தேசிய சாம்பியன் ஆனோம். ஊரே தெருவில் இருந்தது. ஆனாலும் அந்த சீசனைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு முதலில் கண் முன்னால் வருவது கார்ட்னர் குனிந்து நின்றதுதான்.

2017-ல் பிஎச்.டி.க்கு ஆன் ஆர்பர் கிளம்பினேன். அந்த அம்மா என் கையில் ஒரு பக்ஐ மரத்துக் கொட்டையை வைத்து மூடினார். ஒஹாயோ ஸ்டேட் அணிக்கே பக்ஐஸ் என்றுதான் பெயர். பழுப்பு நிறத்தில் வழவழவென்று, ஒரு பக்கம் வெளிர் வட்டம். ஒஹாயோவில் அதைப் பையில் வைத்திருந்தால் அதிர்ஷ்டம் என்பார்கள். "அங்கே போய் நன்றாகப் படி, சட்டை மட்டும் மாற்றாதே" என்றார். மாற்ற மாட்டேன் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஆனால் ஐந்து வருஷம் என்பது சும்மா இல்லை. எனக்குச் சம்பளம் கொடுத்து ஆராய்ச்சி செய்ய விட்டது மிச்சிகன். அங்கேதான் லேப் வகுப்பு எடுத்தேன். என் மாணவர்களில் நான்காம் ஆண்டு படித்தவர்கள் தாங்கள் சேர்ந்த பிறகு மிச்சிகன் ஒஹாயோவை ஜெயித்து ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. 2011-க்கு அப்புறம் தொடர்ந்து எட்டு ஆட்டம் தோல்வி. 2021 நவம்பர் 27, பனி கொட்டுகிறது, அவர்களோடு ஸ்டேடியத்தில் நிற்கிறேன். எந்தப் பக்கம் கத்துவது என்று நான் முடிவு செய்துகொண்டு போகவில்லை. மிச்சிகனின் ஹசன் ஹாஸ்கின்ஸ் ஒவ்வொரு தடவை பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டும்போதும் (அதுதான் டச்டவுன், அன்றைக்கு ஐந்து) பக்கத்தில் இருந்த பிள்ளைகள் என் மேல் வந்து விழுகிறார்கள், நானும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறேன், கோட்டுப் பைக்குள் கை அந்தக் கொட்டையை இறுக்கிப் பிடித்திருக்கிறது. 42-27. எல்லாரும் மைதானத்துக்குள் இறங்கி ஓடினார்கள். நான் இறங்கவில்லை. நின்ற இடத்திலேயே அழுதேன். சந்தோஷத்திலும் அழுதேன், கொலம்பஸில் அந்த அம்மா டிவியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தும் அழுதேன்.

இதைத்தான் "உனக்கென்ன, யார் ஜெயித்தாலும் லாபம்" என்கிறார்கள். லாபமா? மற்றவர்களுக்கு அந்த நாளில் வெற்றி அல்லது தோல்வி. எனக்கு ஒவ்வொரு வருஷமும் இரண்டும் உண்டு, ஒன்றை விட்டு ஒன்று வராது. மற்ற சனிக்கிழமைகளில் இரண்டு அணிக்கும் ஆளுக்குப் பதினொரு ஆட்டம், எல்லாவற்றையும் உட்கார்ந்து பார்க்கிறேன். பாதிப் பாசம் வைத்தவள் இதைச் செய்ய மாட்டாள். புகுந்த வீட்டில் மனசார இருக்கிற பெண்ணிடம் போய், அப்படியென்றால் பிறந்த வீட்டை வெறுத்துக் காட்டு என்று யாராவது சொன்னால் நாம் சும்மா இருப்போமா?

வரலாறு தெரிந்தவர்கள் இன்னும் கொஞ்சம் யோசிக்கலாம். மிச்சிகன்காரர்கள் சாமி மாதிரி கும்பிடுகிற கோச் போ ஷெம்பெக்லர் பிறந்தது ஒஹாயோவில். முதுகலைப் பட்டம் வாங்கியது ஒஹாயோ ஸ்டேட்டில். தொழில் கற்றுக்கொண்டது ஒஹாயோவின் பெரிய கோச் வுடி ஹேய்ஸிடம், அவருக்கு உதவியாளராக இருந்து. 1969-ல் மிச்சிகனுக்குப் போன முதல் வருஷமே, தரவரிசையில் நம்பர் ஒன்னாக இருந்த தன் குருவின் அணியை 24-12 என்று தோற்கடித்தார். அப்புறம் பத்து வருஷம் இரண்டு பேரும் எதிரெதிரே நின்றார்கள். வருஷத்தின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்குத் தருகிற ஹைஸ்மன் கோப்பையை மிச்சிகனுக்கு வாங்கிக்கொடுத்த டெஸ்மண்ட் ஹோவர்ட், சார்லஸ் வுட்சன் இரண்டு பேருமே ஒஹாயோ பையன்கள். அவர்களை யாரும் ரெண்டகம் என்று சொல்லவில்லையே. இன்றைக்கு டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் (வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற விரும்புகிற ஆட்டக்காரர்களின் பட்டியல்) பெயர் கொடுத்துவிட்டு ஆட்டக்காரர்கள் வருஷத்துக்கு ஒரு பல்கலைக்கழகம்கூட மாறலாம், 2021-லிருந்து அவர்கள் தங்கள் பெயரை வைத்துப் பணமும் சம்பாதிக்கலாம். அது அவர்கள் உரிமை, அதில் எனக்கு மனக்குறை இல்லை. ஆட்டக்காரருக்கு உள்ள அந்த உரிமை, இரண்டு இடத்திலும் வருஷக்கணக்காகப் படித்த எனக்கு ஏன் இல்லை என்றுதான் கேட்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். 2023-ல் மிச்சிகன் ஆட்கள் எதிரணிகளின் ஆட்டத்துக்குப் போய், அந்தக் கோச்சுகள் ஆட்டக்காரர்களுக்குக் காட்டுகிற சைகைகளைப் படம்பிடித்த விவகாரம் வெளியே வந்து, கோச் ஜிம் ஹார்பாவுக்கு மூன்று ஆட்டம் தடை விதித்தார்கள். தப்பு தப்புதான். என் பல்கலைக்கழகம் என்பதற்காக நான் அதை மழுப்பியதில்லை. அந்த சீசன் முடிவில் அவர்கள் சாம்பியன் ஆனபோது துள்ளிக் குதித்தேன், அதையும் மறைக்கவில்லை.

வெறுப்பைக் காட்டினால்தான் விசுவாசம் என்று நினைத்தால் என்ன ஆகும் என்பதை 2024 நவம்பர் 30 அன்று எல்லாரும் பார்த்தோம். கொலம்பஸில் ஆட்டம், தரவரிசையிலேயே இல்லாத மிச்சிகன், நம்பர் 2-ஆக இருந்த ஒஹாயோவை 13-10 என்று ஜெயித்துவிட்டது. ஜெயித்தவர்கள் எதிரணி மைதானத்தின் நடுவில் கொடியை நடப் போனார்கள், தோற்றவர்கள் பாய்ந்தார்கள், கைகலப்பாகி, போலீஸ் மிளகு ஸ்பிரே அடித்து, பத்தொன்பது இருபது வயசுப் பிள்ளைகள் கண்ணைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு பல்கலைக்கழகத்துக்கும் ஆளுக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம். நான் டிவியை அணைத்துவிட்டேன். பத்து வருஷத்துக்கு முன்னால், அதே மைதானத்தில்தான் கார்ட்னர் குனிந்து நின்றார்.

எனக்கென்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஆட்டம் முடிந்ததும் முதல் போன் தோற்ற பக்கத்துக்கு. அன்றைக்கு வீட்டுக்கார அம்மாவுக்குப் போட்டேன், எடுக்கவில்லை. எண்பதைத் தாண்டிவிட்டார், தூங்கியிருக்கலாம், கோபமாகவும் இருக்கலாம். மறுநாளும் எடுக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு வழக்கம்போல வாழ்த்து அட்டை வந்தது, ஆட்டத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. அப்புறம் 2025 ஜனவரி 20, அதே ஒஹாயோ, நாட்டர் டேம் பல்கலைக்கழக அணியை 34-23 என்று ஜெயித்துத் தேசிய சாம்பியன் ஆன ராத்திரி, பன்னிரண்டு மணிக்கு மேல் என் போன் அடித்தது. எடுத்தேன். ஹலோ இல்லை, ஒன்றும் இல்லை, மெலிந்துபோன குரலில் "ஓ-எச்" என்றார். உள்ளே குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து சொன்னேன், "ஐ-ஓ."