நீலம் வெளியே வருகிறது, ஆரஞ்சு எங்கே போகிறது?

"பர்மிட் ஆன கலர்தான் அக்கா. வயித்துக்குள்ள போய் அப்படியே வெளிய வந்துடும்." ஊட்டியில் சீசன் நேரத்தில் காலிபிளவர் சில்லி போடும் ஒருவர் சொன்னது. சட்டி முழுக்கச் செக்கச்செவேல் என்று இருந்தது.

நீலத்துக்கு வேண்டுமானால் அவர் சொன்னது பொருந்தும். பிறந்தநாள் கேக்கின் நீலக் கிரீமை வழித்துத் தின்ற பிள்ளை மறுநாள் பச்சையாகப் போய், வீடே பதறிய கதை பல வீடுகளில் உண்டு. அந்தக் கிரீமில் போடும் பிரில்லியன்ட் ப்ளூ என்ற நீலச் சாயம் உடம்பில் அவ்வளவாக ஏறாது, பெரும்பகுதி அப்படியே வந்துவிடும். சரி, அதே பிள்ளை ஆரஞ்சு ஜிலேபியை எவ்வளவு தின்றாலும் மறுநாள் ஆரஞ்சாகப் போவதில்லையே, ஏன்?

ஜிலேபிக்கும் சில்லிக்கும் போடும் டார்ட்ரசின், சன்செட் எல்லோ, கார்மோசின் எல்லாம் அசோ சாயங்கள். மூலக்கூறின் நடுவே இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பில் கோத்திருக்கும். நிறம் வருவது அந்தக் கோப்பால்தான். பெருங்குடலில் ஆக்சிஜன் இல்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் அசோரிடக்டேஸ் என்ற நொதியைக் கத்தரிபோல் வைத்து அதை வெட்டிவிடும். நிறம் போய்விடும், பொருள் போகாது. டார்ட்ரசினிலிருந்து சல்பனிலிக் அமிலம் வரும். அந்தத் துண்டுகளில் ஒரு பகுதி ரத்தத்திலும் கலக்கும்.

இந்த வெட்டு ஒரு காலத்தில் உயிர் காத்தது என்பதுதான் வேடிக்கை. 1935-ல் ஜெர்மன் விஞ்ஞானி டோமாக் வெளியிட்ட புரோன்டோசில் என்ற கிருமிக்கொல்லி மருந்து ஒரு சிவப்பு அசோ சாயம். சோதனைக் குழாயில் கிருமியை ஒன்றும் செய்யவில்லை, எலியின் உடம்பில் கொன்றது. சாயம் உடைந்து வரும் சல்பனிலமைடுதான் உண்மையான மருந்து என்பதை அதே ஆண்டில் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தார் கண்டுபிடித்தார்கள்.

எல்லாத் துண்டும் மருந்தாகாது. 2021-ல் வந்த ஓர் ஆய்வில், சன்செட் எல்லோவையும் அல்லூரா ரெட் என்ற சிவப்பு அசோ சாயத்தையும் குடல் பாக்டீரியா உடைத்ததில் வந்த ஒரு பொருள் எலிகளுக்குப் பெருங்குடல் அழற்சியைக் கொண்டுவந்தது. அவை ஐஎல்-23 என்ற அழற்சிப் புரதம் மிகையாக இருந்த எலிகள். அதனால் ஒரு ஜிலேபிக்காக யாரும் அலற வேண்டாம். பாதுகாப்புச் சோதனைகளில் சாயத்தை விலங்குகளுக்கு ஊட்டித்தான் பார்க்கிறார்கள், துண்டுகளும் அந்தக் கணக்கில் வந்துவிடும்.

ஆனால் அந்தக் கணக்கெல்லாம் அளவோடு போட்டால்தான். நம் நாட்டில் அனுமதி உள்ள பெரும்பாலான பண்டங்களுக்கு வரம்பு கிலோவுக்கு 100 மில்லிகிராம். கேசரிப் பவுடரை இரண்டு விரலால் கிள்ளிப் போடுகிறவரிடம் எந்தத் தராசு இருக்கிறது? தவிர, ஐஸ்கிரீம், பிஸ்கட், மிட்டாய்க்கு அனுமதி இருக்கிறது, காலிபிளவர் சில்லிக்குக் கிடையாது. தேயிலைக்கும் கிடையாது. நீலகிரியிலேயே இருந்துகொண்டு கலர் ஏற்றிய டீத்தூளைக் குடிப்பதைவிடக் கொடுமை உண்டா? நனைத்த வடிதாளில் கொஞ்சம் தூவிப் பாருங்கள், கலர் சேர்த்திருந்தால் உடனே கறை இறங்கும்.

ஊட்டியை அடுத்த கேத்திப் பக்கம் பீட்ரூட் மூட்டை மூட்டையாக லாரி ஏறுகிறது, இங்கே கேக்குக்குச் சிவப்பு டப்பாவிலிருந்து வருகிறது. அது என்ன கணக்கோ! நான் இப்போது சில்லியை வீட்டிலேயே காஷ்மீரி மிளகாய்த்தூள் போட்டுப் பொரிக்கிறேன். மங்கலாகத்தான் வரும். "இது சில்லியே இல்லம்மா" என்கிறான் மகன், தட்டைக் காலி செய்துகொண்டே.