தேதிவாரி நோட்டு மட்டும் போதாது

தொழில் குறிப்புகளைத் தேதிவாரியாக எழுதி வந்தாலே போதும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு அதில் உடன்பாடில்லை. கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில், தரப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். சீசன் வந்துவிட்டால் பெங்களூரா மாம்பழ லாரிகள் வரிசை கட்டி நிற்கும். போன வருஷம் எந்தத் தேதியில் எழுதினோம் என்று அப்போது யார் புரட்டிக்கொண்டிருப்பது? நாம் தேடுவது விஷயத்தைத்தான்.

அதற்குச் சொந்த விக்கிதான் சரி, அதாவது விஷயத்துக்கு ஒரு பக்கமாக எழுதி, பக்கங்களை ஒன்றோடொன்று இணைத்து நாமே வைத்துக்கொள்ளும் குறிப்பேடு. என்னுடையதில் 'ரிஃப்ராக்டோமீட்டர்' என்று ஒரு பக்கம், கூழில் இருக்கும் சர்க்கரையை பிரிக்ஸ் என்ற அளவில் காட்டும் கருவி அது. மாதிரி சூடாக இருந்தால் பிரிக்ஸ் அளவு குறைத்துக் காட்டும், 20 டிகிரிக்கு ஆறவிட வேண்டும், இல்லையென்றால் திருத்த அட்டவணை பார்க்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. 'பெங்களூரா' பக்கத்தில் 'ரிஃப்ராக்டோமீட்டர்' என்ற பெயரை இரட்டைச் சதுர அடைப்புக்குள் போட்டால் இணைப்பு தயார். புதிதாகச் சேரும் தம்பிகள் ஒரு பக்கத்தில் ஆரம்பித்து அடுத்தடுத்து அவர்களாகவே படித்துக்கொண்டு போகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

நான் பயன்படுத்துவது டிட்லிவிக்கி. 2004 முதல் இருக்கும் இலவச மென்பொருள். மொத்த விக்கியும் ஒரே ஹெச்டிஎம்எல் கோப்பு, நெட் இல்லாவிட்டாலும் பிரவுசரில் திறக்கும். ஆனால் சேமிக்கும் வழியை முதலிலேயே சரிசெய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் புதுப் பிரதி டவுன்லோடு ஆகி, கடைசியாக எழுதியது எது என்றே தெரியாது.

தேதியும் வேண்டும்தான், கருவியை என்றைக்குச் சரிபார்த்தோம் என்பதற்கு. அதை அந்தக் கருவியின் பக்கத்திலேயே எழுதலாம். அப்புறம், வாடிக்கையாளர் பெயர், விலை எதையும் சொந்த விக்கியில் ஏற்றாதீர்கள்.