90 டிகிரி முறுக்கு எல்லா டீசலுக்கும் பொருந்தாது

"டைமிங் பெல்ட்டை (கிராங்க் என்ற எஞ்சினின் முக்கியத் தண்டின் சுழற்சியால் வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் பல் பட்டை) இரண்டு விரலால் பிடித்து 90 டிகிரி திருப்ப முடிந்தால் டென்ஷன் (இறுக்கம்) சரி, எல்லா டீசல் எஞ்சினுக்கும் இதுதான்" என்று இங்கே ஒருவர் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்பி யாரும் பெல்ட் கவரைக் கழற்ற வேண்டாம். அந்தக் கணக்கு பழைய ஃபோக்ஸ்வாகன் பெட்ரோல் எஞ்சின்களுக்குச் சொன்னது. அதே கம்பெனியின் பழைய 1.6 டீசலில் பெல்ட் டீசல் பம்பையும் சேர்த்து இழுக்கிறது, அதற்கு விடபிள்யூ 210 என்ற இறுக்கம் அளக்கும் கேஜை மாட்டி, அதன் அளவுகோலில் 12-க்கும் 13-க்கும் இடையில் வைக்கச் சொன்னார்கள்.

ஸ்கோடா ஆக்டேவியா காரில் வந்த 1.9 டிடிஐ டீசல் எஞ்சினில் விரலுக்கு வேலையே இல்லை, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனருக்குள்ளேயே ஸ்பிரிங் இருக்கிறது. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு டென்ஷனர் நட்டைத் தளர்த்தி, எக்சென்ட்ரிக்கை (டென்ஷனரின் மையம் விலகிய வட்டு) மெதுவாகத் திருப்பி, டென்ஷனரின் முள் பின்தகட்டில் உள்ள வெட்டுக்கு நேராக வந்ததும் இறுக்க வேண்டும். இறுக்கும்போது முள் நகர்ந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து. அப்புறம் ஸ்பானர் போட்டு, கிராங்க்கை அது ஓடும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, டைமிங் குறிகளையும் (கிராங்க்கும் வால்வுகளை இயக்கும் தண்டும் சரியாகப் பொருந்தி நிற்பதைக் காட்டும் அடையாளங்கள்) முள்ளையும் திரும்பப் பாருங்கள். நடுவில் எங்காவது முட்டினால் அங்கேயே நிறுத்துங்கள், பலம் கொடுத்தால் வால்வு வளையும்.

கொஞ்சம் கூடுதலாக இறுக்கினால் பாதுகாப்பு என்பதும் தப்பு. பெல்ட் ஊளையிடும், வாட்டர் பம்ப் பேரிங் போகும். தொய்வாக இருந்தால் பெல்ட் பல் தாண்டி பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும்.

ஸ்விஃப்ட் டீசல் வைத்திருப்பவர்கள் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம், அந்த 1.3 எஞ்சினில் இருப்பது செயின், ஆயில் பிரஷரில் தானாகவே இறுகிக்கொள்ளும்.