பிள்ளையின் இடுப்பைப் பற்றி நீங்கள் கதைக்க வேண்டாம்

அக்காவின் மகளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். போன வருடம் ஒரு சாமத்தியவீட்டில், மண்டப வாசலில் சந்தனம் எடுக்கக் குனிந்தவளின் கையைப் பிடித்து, "என்ன பிள்ளை, நல்லாக் கொழுத்திட்டாய், சீலைக்கு இடுப்பே தெரியேல்லை" என்றார் சொந்தக்கார அன்ரி ஒருவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவளுக்கு அப்போது வயது 15.

பிறகு கந்தசஷ்டி வந்தது. ஆறு நாளும் பாலும் பழமும்தான், எவ்வளவு பக்தி என்று வீடே மெச்சியது. பாறணை முடிந்தும் அவள் பட்டினியை விடவில்லை. பகல் முழுக்க ஒன்றும் சாப்பிடாமல் கிடந்துவிட்டு, எல்லோரும் படுத்த பிறகு குசினியில் நின்று மிஞ்சின புட்டு, பிஸ்கட் என்று அகப்பட்டதையெல்லாம் சாப்பிடுவாள், பிறகு குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் வாந்தி எடுப்பாள். எங்கள் ஒருவருக்கும் தெரியாது. பல் கூசுகிறது என்று கூட்டிப்போனபோது, பல் வைத்தியர்தான் மேல் முன்பற்களின் உள்பக்கம் அரித்திருப்பதைக் கண்டு வலது கையைக் காட்டச் சொன்னார். வாந்தி எடுக்க விரலைத் தொண்டைக்குள் விடும்போது பல் பட்டுப் பட்டு விரல் மூட்டில் தோல் தடித்துப் போயிருந்தது. எத்தனையோ நாள் அந்தக் கைக்கு நான் சோறு போட்டிருக்கிறேன், கண்ணில் படவில்லை.

இதற்குப் பெயர் புலிமியா. இந்த வருத்தம் உள்ளவர்கள் மெலிந்துதான் இருப்பார்கள் என்றில்லை, அதனால்தான் வீட்டுக்குத் தெரிவதில்லை. திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே குழம்பும். கொழுப்பு என்றும் பிடிவாதம் என்றும் இதைச் சொல்லாதீர்கள். மனநல வைத்தியரிடம் போகச் சொன்னால், நாளைக்குக் கலியாணம் பேசும்போது ஆர் என்ன சொல்லுவினமோ என்றுதான் அக்காவுக்கு முதல் பயம் வந்தது.

அப்ப உடம்பு வைப்பதைப் பற்றிக் கதைக்கவே கூடாதா என்று கேட்பீர்கள். கதைக்கத்தான் வேண்டும். அக்காவுக்கே சீனி வருத்தம். எங்களைப் போன்ற தெற்காசிய உடம்புக்கு பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு, 23ஐத் தாண்டும்போதே ஆபத்துக் கூடத் தொடங்கும், இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர், ஆண்களுக்கு 90க்குள் இருக்க வேண்டும். ஆனால் என் அம்மா 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்தவ. கோப்பை நிறையச் சோறு போட்டு, வேண்டாம் என்றாலும் இன்னொரு கரண்டி வைத்தால்தான் அவவுக்கு மனம் ஆறும். அதைக் குற்றம் சொல்ல என்னால் முடியாது. அடுத்த பக்கம் பள்ளிக்கூடம் விட்டதும் ரியூசன், இடையில் ரோல்சும் சோடாவும், விளையாட்டு என்று ஒன்றே இல்லை. 2016இலிருந்து சோடாப் போத்தலில் சீனியின் அளவுக்கு சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறக்குறி போடுகிறார்கள், எங்கள் வீட்டில் ஒருவரும் அதைத் திருப்பிப் பார்த்ததில்லை. இவ்வளவையும் நாங்களே அமைத்துக் கொடுத்துவிட்டு, சபையில் வைத்துப் பிள்ளையை நக்கலடித்தால் உடம்பு குறையுமா? வெட்கப்பட்ட பிள்ளை விளையாடப் போகாது, வைத்தியரிடம் போகாது, ஒளித்துத்தான் சாப்பிடும்.

இப்போது கிளினிக் போகிறாள். சில கிழமை பரவாயில்லை, சில கிழமை பழையபடி. வாற மாதம் எங்கள் வீட்டில் கலியாணம். வருகிற எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன், கொழுத்திட்டாய் என்றும் வேண்டாம், மெலிஞ்சு வடிவாயிட்டாய் என்றும் வேண்டாம். அவள் நன்றாக வயலின் வாசிப்பாள், அதைப் பற்றிக் கேளுங்கள்.